புதன்கிழமை மணி

2025 ஜூன் 3, செவ்வாய்

அன்புள்ள அப்பா,

மாமியின் போனில் இருந்து உங்களுக்கு எடுத்தால் "ஹலோ" சொல்கிறீர்கள். நான்தான் என்று தெரிந்ததும் வெட்டிவிடுகிறீர்கள். வெட்டாவிட்டாலும் பெரிதாக எதுவும் நடந்திருக்காது. போனைக் காதில் வைத்தால் எனக்கு வாய் வராது என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

மீன் லொறிக்கார றிபாத் நானா நண்டு ஏற்ற இலுப்பைக்கடவைக்கு வரும்போது இதைத் தருவார். ஐஸுக்குப் பக்கத்தில் வைத்துவிடாதேங்கோ என்று சொன்னேன். "வாப்பாட காலத்தில இருந்து மீன் ஏத்துறம் பிள்ளை, கடிதம் ஏத்துறது இதுதான் முதல் தடவை. இதுக்குத் தனி லைசன்ஸ் எடுக்கவேணுமோ தெரியேல்லை" என்று சிரித்தார்.

கோயில் மண்டபத்தில் படம் போட்ட அடுத்த நாள் விடியவே நீங்கள் போய்விட்டீர்கள். சோழகக் காற்று தொடங்கிவிட்டது, இந்தப் பக்கம் கடல் அடிக்கிறது, அங்கே நண்டு படுகிறது, அதற்காகத்தான் போகிறேன் என்று மாமியிடம் சொன்னீர்களாம். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நான் குசினிக்குள்தான் நின்றேன். தேத்தண்ணி ஊற்றி வைத்திருந்தேன்.

ஒரு செய்தி இருக்கிறது. எனக்கு நல்ல செய்தி. உங்களுக்கு எப்படியோ தெரியவில்லை.

லக்சிகா அக்கா போன வருடம் எங்கள் கரையில் எடுத்த படம், 'வாடைக்கு முந்தி', கொழும்பில் வருடாவருடம் நடக்கிற குறும்பட விருதுக்குப் போயிருக்கிறது. சிறந்த ஒலிப்பதிவுக்கு இறுதிச் சுற்றில் தெரிவு செய்திருக்கிறார்கள். ஒலி பதிய வரவிருந்தவர் காய்ச்சலில் படுத்தபடியால் மைக் பூட்டின கம்பத்தை லக்சிகா அக்கா என் கையில் தந்தது உங்களுக்குத் தெரியும்தானே. அதனால் பட்டியலில் என் பெயரைப் போட்டிருக்கிறார்கள். யாகப்பர் மதுஷிகா. உங்கள் பெயர் முதலில் வருகிறது அப்பா.

மாமி ஒழுங்கை முழுவதும் சொல்லிவிட்டா. கிணற்றடியில் வைத்து அன்ரோனெற் அன்ரி, "பத்தாம் வகுப்போட நிண்ட பெட்டைக்குக் கொழும்பில பரிசோ?" என்று கேட்டாவாம். "நிண்டவள் வீட்டைப் பாக்கத்தான் நிண்டவள். படிப்பு ஏறாத மொக்கெண்டு நிக்கேல்லை" என்று மாமி சொன்னாவாம். பிறகு இரண்டு பேரும் தண்ணீர் அள்ளாமலே வந்துவிட்டார்கள்.

இனித்தான் கேட்கவேண்டியதைக் கேட்கப்போகிறேன். விழாவில், பரிசைச் சொல்வதற்கு முன் ஒவ்வொரு படத்திலும் ஒரு துண்டை மேடையில் போட்டுக் காட்டுவார்களாம். எங்கள் படத்தில் அவர்கள் கேட்டிருப்பது, கோயில் மணி அடித்த பிறகு கடலில் இருந்து போட்டுகள் திரும்பி வருகிற இடம். லக்சிகா அக்கா சொன்னா: "மது, அது உன்ர அப்பாவின்ர குரல். அண்டைக்கு நான் கேக்காமல் எடுத்தது பிழை. மண்டபத்தில போட முதலும் கேட்டிருக்கவேணும். இப்ப அவர் ஓம் எண்டு சொன்னால்தான் அனுப்புவன். இல்லையெண்டால் இந்தப் பரிசில இருந்து படத்தை எடுத்திடுவன். நீ அவரைக் கெஞ்சக்கூடாது."

நான் கெஞ்சவில்லை. இருபதாம் திகதிக்கு முன் ஓம் அல்லது இல்லை என்று எழுதி றிபாத் நானாவிடம் கொடுத்தால் போதும்.

சேலைன் போத்தலில் தண்ணீர் கொண்டுபோகாதேங்கோ. நல்ல போத்தல் ஒன்று அனுப்பியிருக்கிறேன்.

மது


2025 ஜூன் 6

மகளுக்கு,

கடிதம் வந்தது. நனையவில்லை. இறால் மணம் மட்டும் இருக்கிறது. போத்தலும் வந்தது.

இங்கே நண்டு பரவாயில்லை. நடராசாவின் காணிக் கரையில்தான் தங்குவதற்கு ஓலை வாடி போட்டிருக்கிறோம். அவர் வயல்காரர். இந்த மாதத்தில் வயலில் வேலை இல்லாதபடியால் முழுநாளும் எங்களோடு இருந்து எங்களுக்கு மீன்பிடி சொல்லித்தருகிறார்.

நீ கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். நான் எழுதிப் பழகாதவன். முன்பின்னாக வரும்.

மண்டபத்தில் பாதர் என்னைக் கூட்டிக்கொண்டு போய் முன் கதிரையில் இருத்தினார். மகள் வேலை செய்த படம் என்று வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்து இருந்தேன். திரையில் மணி அடித்தது. பிறகு ஒருவன் கத்தினான். மாட்டை அறுக்கிறபோது கத்துகிற மாதிரி. ஆர் இந்த விசரன் என்று பார்த்தேன். அது நான். சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தண்ணீருக்குள் விழுந்து எழும்பிக்கொண்டு வருகிறேன். பின்னால் இருந்து அலெக்ஸாண்டர், "டேய் யாகு, நீ இவ்வளவு நடிப்பாயெண்டு சொல்லவேயில்லையே, எங்களுக்கும் ஒரு சான்ஸ் எடுத்துத் தாவன்" என்றான். மண்டபமே சிரித்தது.

அலெக்ஸாண்டர் சிரித்ததற்கு எனக்குக் கோபம் இல்லை. அவன் தாய் செத்த வீட்டிலும் சிரித்தவன்.

போன வருடம் படம் எடுக்க வந்தபோது, அந்த மணி செவ்வாய்க்கிழமை படத்துக்காக அடிக்கப்படும், ஒருவரும் பயப்படவேண்டாம் என்று பாதர் ஞாயிறு பூசையில் சொன்னார். நாங்கள் எல்லோரும் கேட்டோம். செவ்வாய் காற்று என்று படத்தை அவர்கள் அடுத்த நாளுக்குத் தள்ளினார்கள். அதைக் கோயில் ஸ்பீக்கரில் சொன்னபோது போட்டுகள் கடலுக்குப் போய்விட்டன. அது உன் பிழை இல்லை. லக்சிகாவின் பிழையும் பாதியளவுதான். செவ்வாய் மணி படத்து மணி. புதன் மணி எங்களுக்கு உண்மை மணி. கோயில் வேலை பார்க்கிற சங்கிலித்தாம் சின்ன மணியையும் பெரிய மணியையும் மாறி மாறி அடித்தார். அது பெண் செத்தால் அடிக்கிற அடி. மாமி அப்போது எங்களோடு இல்லை. என் வீட்டில் இருந்த பெண் நீ ஒருத்திதான்.

நான் வலையை வெட்டி விட்டுவிட்டு வந்தேன்.

கரைக்கு வந்தால் நீ நிற்கிறாய். உயிரோடு நிற்கிறாய். கூப்பிடு தூரத்தில் நிற்கிறாய். அந்தக் கம்பத்தை என் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். கம்பத்தைக் கீழே போட்டுவிட்டு, "அப்பா, ஒருத்தரும் சாகேல்லை" என்று ஒரு சொல் சொல்ல உனக்கு ஏலாமல் போனது. நான் உன் காலடியில் வந்து விழும்வரைக்கும் நீ அதைப் பிடித்துக்கொண்டே நின்றாய்.

கோபம் அதற்குத்தான். வேறு ஒன்றுக்கும் இல்லை.

இல்லை. என் கத்தலுக்குப் பரிசு வேண்டாம்.

றிபாத்திடம் நண்டு கொடுத்துவிட்டேன். கால் உடைந்தவை. கொம்பனி எடுக்காது, கறிக்கு நல்லது. மாமிக்கு மிளகாய்த்தூளைக் குறைத்துப் போடச் சொல்லு.

அப்பா


2025 ஜூன் 10, செவ்வாய்

அன்புள்ள அப்பா,

நண்டு வந்தது. தூளைக் குறைக்கச் சொன்னீர்கள் என்று மாமியிடம் சொன்னேன். "அவன் அங்க இருந்துகொண்டு என்ர சட்டியை எட்டிப்பாக்கிறானோ?" என்று கேட்டு இன்னும் ஒரு கரண்டி போட்டா.

நீங்கள் இல்லை என்று சொன்னதை லக்சிகா அக்காவுக்குச் சொல்லிவிடுவேன். இன்னும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை அவ போன் எடுப்பா, அப்போது சொல்வேன். அதை மாற்றுவதற்காக இதை எழுதவில்லை. ஏன் கம்பத்தைக் கீழே போடவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். போன வருடம் மாசியில் இருந்து நீங்கள் கேட்பீர்கள், கேட்பீர்கள் என்று இருந்தேன். நீங்கள் கேட்டிருந்தாலும் நேரே சொல்லியிருக்கமாட்டேன். எழுதினால் ஒருவேளை வரும்.

அந்தக் கம்பத்தைப் பற்றி ஊரில் எல்லோரும் பகிடி செய்தார்கள். மைக்குக்குக் காற்றுப் படாமல் மயிர் உறை போட்டிருக்கும். "யாகப்பற்ற பெட்டை செத்த பூனையைத் தடியில குத்திக்கொண்டு திரியிறாள்" என்றார்கள். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது அப்பா. காதில் ஹெட்போனை மாட்டினால் ஒருவரும் என்னோடு பேசமாட்டார்கள். நானும் ஒருவருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை. ஆனால் எல்லாம் கேட்கும். கரையில் நாய் மூச்சு விடுவதும் கேட்கும். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் ஒரு வேலையைச் சரியாகச் செய்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது அதில்தான்.

புதன்கிழமை மணி அடித்தபோது கம்பத்தைக் கடல் பக்கம் திருப்பச் சொன்னார்கள். வெறும் அலைச் சத்தம்தான் வரவேண்டும். முதலில் அலை மட்டும்தான் கேட்டது. பிறகு தூரத்தில் எஞ்சின்கள் சுதி மாறின. கரையில் நின்ற ஒருவருக்கும் அது கேட்கவில்லை, எனக்கு மட்டும்தான் கேட்டது. எங்கள் எஞ்சின் இடைக்கிடை இருமும்தானே. அந்த இருமலும் கேட்டது. அப்பா திரும்பிவிட்டார் என்று தெரிந்தது. ஏன் திரும்புகிறீர்கள் என்பதும் தெரிந்தது. அம்மாவுக்கு அடித்த மணியும் உங்களுக்குக் கடலில்தான் கேட்டது.

கத்த வேண்டும் என்று நினைத்தேன். உண்மையாக நினைத்தேன். வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. எனக்கு அப்படித்தான் வரும். வகுப்பில் வாசிக்க எழுப்பினாலும் அப்படித்தான் நிற்பேன். லக்சிகா அக்காவும் சும்மா நின்றா. அவவுக்கு அது படம் இல்லை என்று விளங்கவே கொஞ்ச நேரம் எடுத்தது.

அதற்குப் பிறகுதான் நீங்கள் தண்ணீருக்குள் குதித்தீர்கள். என் காதுக்குள் உங்கள் குரல் வந்தது. என்ன கத்தினீர்கள் என்று உங்களுக்கு நினைவு இருக்கிறதா? மண்டபத்து ஸ்பீக்கர் கரகரத்ததாலும் மணிச் சத்தத்தாலும் எல்லோருக்கும் "ஆர், ஆர்" என்றுதான் கேட்டது. ஹெட்போனில் அப்படி இல்லை. அதற்கு முன்னால் என் பெயர் இருக்கிறது. "மது." ஒரு முறை இல்லை. "மது, மது, என்ர மது" என்று கத்திக்கொண்டு வருகிறீர்கள். பிறகுதான் "ஆர்".

அம்மா போன பிறகு நீங்கள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பிள்ளை என்பீர்கள், ஏய் என்பீர்கள், சில நேரம் கதவைத் தட்டிவிட்டுப் போவீர்கள். அது குறை இல்லை. நானும் பேசாத ஆள், நீங்களும் பேசாத ஆள், வீடு அப்படியே ஓடியது. ஆனால் அந்தக் குரல் காதுக்குள் வந்தபோது என் கை இறங்கவில்லை. இறக்கினால் அது நின்றுவிடும் என்று நினைத்தேன். இன்னும் ஒருமுறை கேட்கவேண்டும் போல் இருந்தது. நீங்கள் பட்ட பாட்டை அந்த நேரம் நான் நினைக்கவில்லை. அது பிழைதான்.

அந்தத் துண்டை றிபாத் நானாவின் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். காதுக்குள் வைத்துக் கேட்கிறதையும் அவரிடம் கொடுத்துவிட்டேன். கேட்க விருப்பம் இல்லாவிட்டால் விடுங்கோ. அவர் அதைத் திரும்பக் கொண்டுவந்து தந்துவிடுவார், ஒன்றும் கேட்கமாட்டார்.

மது


2025 ஜூன் 12

மகளுக்கு,

றிபாத்தை நிற்பாட்டி வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். நாளைக்கு வெள்ளி, லக்சிகா போன் எடுப்பா என்றாய். ஐஸ் கரைகிறது என்று ஹோர்ன் அடிக்கிறான். அடிக்கட்டும்.

லொறிக்குள் ஏறி இருந்து கேட்டேன். கண்ணாடியை ஏற்றிவிட்டேன். நடராசா வெளியே நின்று, "என்ன யாகப்பர், பாட்டோ? எனக்கும் ஒரு காது தாங்கோவன்" என்று தட்டினார். ஒரு காதைக் கொடுத்தேன். அவர் கேட்டுவிட்டுத் திரும்பத் தந்தார். போய்த் தன் சைக்கிளுக்குக் காற்று அடித்தார். அது காற்றுப் போகாத சைக்கிள்.

உன் பெயர் இருக்கிறது. உண்மைதான். நான் "ஆர்" என்றுதான் கேட்டுக்கொண்டு வந்தேன் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். செத்தது நீ என்று எனக்கு நடுக்கடலிலேயே முடிவாகிவிட்டது போல. வாய்க்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

உன் அம்மாவுக்கு மணி அடித்தபோது நான் கத்தவில்லை. யசிந்தா படுக்கையில் இருந்தவள். மணி கேட்டதும் விளங்கிவிட்டது. வலையை இழுத்து ஏற்றி, மீனைப் பெட்டியில் போட்டு, போட்டைக் கட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். என்ன மனுசன் இவன் என்று ஊர் பார்த்தது. நீயும் பார்த்தாய். எனக்கும் உன்னைப் போலத்தான், வேண்டிய நேரத்தில் வாய் வருவதில்லை. அந்தப் புதன்கிழமை இரண்டு பேருக்கும் சேர்த்து வந்துவிட்டது என்று நினைக்கிறேன். அதை ஒரு கம்பத்தில் பிடித்து வைத்திருக்கிறாய்.

நீ சொன்ன காரணத்தை நான் முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை. பெயரைக் கேட்க ஆசை என்றால் கேட்டிருக்கலாம், கூப்பிட்டிருப்பேன். ஆனால் நீயும் கேட்கிற ஆள் இல்லை, நானும் தானாகச் செய்கிற ஆள் இல்லை.

சரி. ஓம். போடட்டும்.

ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. அது நடிப்பு என்று கொழும்பில் இருக்கிற சனம் நினைக்கக்கூடாது. மண்டபத்தில் நினைத்த மாதிரி நினைக்கக்கூடாது. பரிசு தந்தால் மேடையில் அதைச் சொல்லவேண்டும். லக்சிகா சொல்லக்கூடாது. பிடித்தவள் நீ, நீ சொல்லவேண்டும். உன் வாயால். எழுதி வாசிக்காதே. வாய் திறக்காமல் இறங்கி வந்தாயானால் நான் தந்த ஓம் செல்லாது. பரிசு கிடைக்காவிட்டால் பக்கத்துக் கதிரையில் இருக்கிற ஆளிடமாவது சொல்லிவிட்டு வா.

நான் வரமாட்டேன். அதை இன்னொரு மண்டபத்தில், இன்னொரு முன் கதிரையில் இருந்து கேட்க எனக்கு ஏலாது. மாமியைக் கூட்டிக்கொண்டு போ. அவ எங்கே போனாலும் பயப்படமாட்டா, மற்ற ஆட்கள்தான் பயப்படுவார்கள்.

அப்பா


2025 ஜூன் 30, திங்கள்

அன்புள்ள அப்பா,

நேற்றுப் பின்னேரம் வந்து சேர்ந்தோம். மாமி வந்த களைப்பில் படுத்தவ, இன்னும் சேலையோடு கிடக்கிறா. நான் முதலில் இதை எழுதி முடிக்கிறேன்.

அப்பா, கிடைத்துவிட்டது.

சனிக்கிழமை நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். மண்டபத்துக்குள் குளிர் என்றால் றிபாத் நானாவின் ஐஸ் பெட்டி மாதிரி. மாமி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டா. பூசைக்கு வந்தது போல் இருந்தது. வந்த பெண்கள் எல்லோரும் பளபளவென்று இருந்தார்கள். எனக்கு லக்சிகா அக்கா ஒரு நீலச் சுடிதார் தந்தா. சிங்களத்திலும் இங்கிலீசிலும்தான் பேசினார்கள், இடையில் கொஞ்சம் தமிழ். ஒவ்வொரு பரிசாகக் கொடுத்தார்கள். சிறந்த நடிகைப் பரிசு ஒரு வயதான அம்மாவுக்குக் கிடைத்தது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவவாம். மேடையில் ஏறி எல்லோரையும் கும்பிட்டுவிட்டு, "என்னைய ஏன்ப்பா இவ்ளோ தூரம் கூட்டியாந்தீங்க, காலு வலிக்குது" என்று சொன்னா. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவவைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. பிறகு போய்விட்டது.

ஒலிப்பதிவுக்கு வந்ததும் எல்லாப் படத்துத் துண்டுகளையும் போட்டார்கள். ஒன்றில் மழை, ஒன்றில் ரயில். நல்லாய் இருந்தன. எங்கள் படம் கடைசியில் வந்தது. அங்கே ஸ்பீக்கர் கரகரக்கவில்லை அப்பா. சின்ன மணி, பெரிய மணி, அலை, எஞ்சின் இருமல், எல்லாம் தனித்தனியாகக் கேட்டன. பிறகு நீங்கள். என் பெயர் மண்டபம் முழுவதும் கேட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. அலெக்ஸாண்டர் அங்கிள் மாதிரி ஒரு ஆள் கூட இல்லை. இருமினவர்கள் கூட வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு முன்னால் இருந்த ஒரு ஆள் கண்ணாடியைக் கழற்றினார்.

பிறகு உறையைக் கிழித்துப் பெயரைச் சொன்னார்கள். அறிவிப்பாளர் "யாகப்பார் மாதுசிகா" என்று எப்படியோ சொன்னா. நான் வேறு யாரோ என்று இருந்தேன். மாமி என் விலாவில் குத்தி, "எழும்படி, உன்னைத்தான்! என்ர தம்பின்ர பேரைச் சொல்லினம்!" என்று கத்தினா. அந்தக் கத்தலும் மண்டபம் முழுவதும் கேட்டது.

மேடைக்கு எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. கையில் ஒரு பாரமான கண்ணாடிச் சாமான் தந்தார்கள். மைக் எனக்கு உயரமாக இருந்தது. அறிவிப்பாளர் அதை இறக்கிவிட்டு, "பய வென்ட எபா நங்கி" என்று காதுக்குள் சொன்னா. பயப்படாதே தங்கச்சி என்று அர்த்தமாம், பிறகு லக்சிகா அக்கா சொன்னா. இவ்வளவு காலமும் நான் மைக்கை மற்ற ஆட்களுக்கு நீட்டித்தான் பழக்கம். அது என் வாய்க்கு முன்னால் நின்றது. வாய் திறந்தேன், வழமை போல் ஒன்றும் வரவில்லை. சனம் காத்துக்கொண்டு இருந்தது. நீங்கள் எழுதினதை நினைத்தேன், ஓம் செல்லாது என்று.

பேசினேன் அப்பா. எழுதி வாசிக்கவில்லை. ஆனால் என்ன பேசினேன் என்று எனக்கு நினைவு இல்லை. மாமியைக் கேட்டால், "நல்லாத்தான் சொன்னனி, நான் அழுதுகொண்டிருந்ததில சரியாக் கேக்கேல்லை" என்கிறா. லக்சிகா அக்கா ஒன்று சொல்கிறா, அது நான் சொல்லக்கூடிய மாதிரி இல்லை. இறங்கி வரும்போது எல்லோரும் எழுந்து நின்றார்கள். அது மட்டும் தெரியும். நீங்கள் கேட்டதைச் சொன்னேனா என்று தெரியாமல் இருப்பதுதான் பயமாக இருக்கிறது. சொல்லாமல் விட்டிருந்தால் நீங்கள் தந்த ஓம் இல்லாமல் நான் பரிசு எடுத்தது போல் ஆகிவிடும்.

கண்ணாடிச் சாமானை மாமி அந்தோனியாருக்குப் பக்கத்தில் வைத்து மெழுகுதிரி கொளுத்தியிருக்கிறா. அந்தோனியாரை விட அது உயரம்.

மது


2025 ஜூலை 3

மதுஷிகா,

நீ என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை றிபாத் ஏற்றின நண்டை வேறு லொறியில் அனுப்பிவிட்டு இங்கேயே நின்றான். அவன் போனில் விழாவை நேரே காட்டினார்கள். கரையில் படம் தெரிகிற அளவுக்குச் சிக்னல் இல்லை. லொறிக்கு மேலே ஏறினால்தான் வரும். வாடிச் சனம் முழுவதும் லொறிக்கு மேலே ஏறிவிட்டது. நடராசா வேட்டியோடு ஏறினார். நான் ஏறமாட்டேன் என்று கீழே நின்றேன். உன் படம் வருகிறது என்றதும் றிபாத் கையைப் பிடித்து என்னையும் இழுத்து ஏற்றிவிட்டான்.

என் கத்தல் வந்தது. நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, அதற்கு அவர்களுக்கு நன்றி. பிறகு நீ மேடையில் நின்றாய். ஒன்றும் பேசாமல் நின்றாய். நடராசா, "பிள்ளை, சொல்லு, சொல்லு" என்று போனுக்குப் பக்கத்தில் வாயை வைத்துச் சொன்னார், உனக்குக் கேட்கும் என்று நினைத்தாரோ தெரியாது. இவள் பேசமாட்டாள், என் பிள்ளையை நானே அங்கே அனுப்பி வெட்கப்படுத்திவிட்டேன் என்று நினைத்தேன். அந்த நேரம் நீ பேசினாய்.

நான் அதை மறக்காமல் எழுதுகிறேன். நீ சொன்னது இதுதான்:

"இது நடிப்பில்லை. இது என்ர அப்பா. நான் செத்துப்போனன் எண்டு நினைச்சுக் கடலுக்குள்ளால ஓடி வாறார். நான் உயிரோட நிண்டுகொண்டு பதிஞ்சனான். அவர் ஓம் எண்டு சொன்னபடியாத்தான் உங்களுக்குக் கேட்டது."

அதோடு முடித்திருக்கலாம். நான் கேட்டது அவ்வளவுதான். சனம் கைதட்டத் தொடங்கிவிட்டது. நீ மைக்கை விடவில்லை. கைதட்டல் முடியும்வரை நின்றாய். பிறகு சொன்னாய்:

"அப்பா, ஒருத்தரும் சாகேல்லை."

சத்தமாகச் சொன்னாய். லொறிக்கு மேலே எல்லோருக்கும் கேட்டது. நான் உட்கார்ந்துவிட்டேன். லொறித் தகடு சுட்டது, எழும்பவில்லை. றிபாத், "அண்ணை, தண்ணி குடியுங்கோ" என்று நீ அனுப்பின போத்தலைத் தந்தான். நடராசா இறங்கிப் போய் வீட்டில் இருந்த தயிரையும் சீனியையும் சட்டியோடு கொண்டுவந்து எல்லோருக்கும் கையில் ஊற்றினார். ஆர் பிள்ளை, எந்த ஊர்ப் பிள்ளை என்று வேறு வாடிக்காரர்கள் வந்து கேட்டார்கள். என் பிள்ளை என்று சொன்னேன். கேட்காத ஆட்களுக்கும் சொன்னேன்.

அந்த ஒரு சொல்லுக்கு நான் ஒரு வருடத்துக்கு மேலாகக் காத்திருந்தேன். பிந்தித்தான் வந்தது. ஆனால் நாடு கேட்க வந்தது. கோபம் முழுதாகப் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன், வெட்டி விட்ட வலையை நினைத்தால் இன்னும் கொஞ்சம் வருகிறது. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

லக்சிகா எனக்குப் போன் எடுத்தா. மன்னிப்புக் கேட்டா. அடுத்த படத்துக்கு உன்னைக் கேட்கிறா, ஆவணியில் முல்லைத்தீவுப் பக்கமாம். என்னிடம் என்ன கேள்வி, வேலை செய்கிறவளிடம் கேளுங்கோ என்று சொல்லிவிட்டேன். உனக்கு விருப்பம் என்றால் போ. உன் கை கம்பம் பிடிக்கிற கை என்று எனக்கும் இப்போது தெரியும்.

சனிக்கிழமை வாறேன். ஞாயிறு பூசை முடிய எல்லோரும் கோயில் வாசலில் நிற்பார்கள், அலெக்ஸாண்டரும் நிற்பான், கிணற்றடி அன்ரோனெற்றும் நிற்பா. அங்கே வைத்து உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நீ என்ன செய்தாய் என்று நான் எல்லோருக்கும் சொல்லப்போகிறேன். எனக்கும் வாய் வராது, ஆனால் சொல்வேன். நீ மாமிக்குப் பின்னால் ஒளிக்கக்கூடாது. நின்று கேட்கவேண்டும்.

உன் அப்பா
யாகப்பர்